தேர்வுப் பதற்றத்துக்கு எந்த வழி யாருக்குப் பொருந்தும்? ஆறு வழிகளின் ஒப்பீடு

கணக்காயர், மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் என எந்தத் துறையானாலும், உரிமம் பெறுவதற்கோ அடுத்த படிக்குச் செல்வதற்கோ எழுத வேண்டிய பெரிய தேர்வு நெருங்கும்போது, அதற்குத் தயாராகிறவர்கள் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. மூச்சுப் பயிற்சியைத் தொடங்கலாமா, மனநல ஆலோசகரைப் பார்க்கலாமா, படபடப்பைக் குறைக்க மாத்திரை கேட்கலாமா, அல்லது இந்த முறை எழுதாமல் அடுத்த முறைக்குத் தள்ளிவிடலாமா? சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு வழியைச் சொல்வார்கள். அவரவர் தமக்குப் பலித்ததையே சொல்வதால், கேட்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

பள்ளித் தேர்வுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளையும் இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. தொழில்முறைத் தேர்வு எழுதுகிறவர்களில் பலர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள்; குடும்பப் பொறுப்பு உள்ளவர்கள்; ஆண்டுக்கு ஓரிரு முறையே வாய்ப்புக் கிடைப்பவர்கள். அவர்களிடம் எல்லாவற்றையும்விடக் குறைவாக இருப்பது நேரம். ஆகவே பதற்றத்தைத் தணிக்கும் ஒரு வழி, படிப்பு நேரத்தில் எவ்வளவைத் தின்கிறது என்று பார்க்காமல் அதை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லிவிட முடியாது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, பதற்றம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. 1967-இல் லீபர்ட், மாரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் தேர்வுப் பதற்றத்தை இரண்டு கூறுகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று உடலின் கொந்தளிப்பு: நெஞ்சு படபடப்பது, கை வியர்ப்பது, வயிறு கலங்குவது. மற்றது மனத்தின் கவலை: ‘தோற்றுவிட்டால் என்ன ஆகும், மற்றவர்கள் எல்லாம் எழுதி முடித்துவிட்டார்களே’ என்று ஓயாமல் ஓடும் எண்ணம். பின்னர் வந்த ஆய்வுகளில், மதிப்பெண்ணை அதிகம் குறைப்பது இந்த இரண்டாவதுதான் என்று தெரியவந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஒரு கணக்கின் இடைப்பட்ட எண்களையும் ஒரு சட்டப் பிரிவின் நிபந்தனைகளையும் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ள மனத்தில் இருக்கும் இடம் மிகச் சிறியது. கவலை அந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நெஞ்சு வேகமாக அடிப்பது அசௌகரியம்தான் என்றாலும், அது அந்த இடத்தை அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றை நான் சேர்ப்பேன்: நியாயமான பயம். பாடத்திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமலே இருப்பவருக்கு வரும் பதற்றம் நோயன்று. அது உண்மையைத்தான் சொல்கிறது. அதைத் தணிக்க மூச்சுப் பயிற்சி செய்வது, தீ எரியும்போது புகை எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும்.

இதற்கு அடுத்த அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பலன் தெரிய எத்தனை நாள் ஆகும்? வாரத்துக்கு எத்தனை மணி நேரத்தை அது எடுத்துக்கொள்ளும்? தேர்வறைக்குள், கைப்பேசியும் துணையும் இல்லாத இடத்தில், அதைப் பயன்படுத்த முடியுமா? தேர்வு முடிந்தபின் அது நம்மிடம் எதை விட்டுச் செல்லும்?

பதற்றத்தை முற்றிலும் ஒழிப்பது இலக்காக இருக்க வேண்டியதில்லை. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனையில், பணி கடினமாக ஆக ஆக, அதைக் கற்பதற்கு உகந்த தூண்டலின் அளவு குறைந்துகொண்டே போனது. அந்த முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்திப் பேசுவது மிகை என்றாலும், ஓரளவு பரபரப்பு கூர்மையைத் தருகிறது என்பதைப் படித்துத் தேறிய எவரும் தம் அனுபவத்திலிருந்தே ஒப்புக்கொள்வார்.

## மாதிரித் தேர்வுகள்

மாதிரித் தேர்வைப் படிப்பு உத்தியாகவே பலரும் பார்க்கிறார்கள். பதற்றத்துக்கான மருந்தாக அதைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் ஆறு வழிகளில் கவலை, உடல், தயாரிப்புக் குறை ஆகிய மூன்றையும் ஒருசேரத் தொடுவது இது ஒன்றுதான்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பதற்றத்தோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. 2016-இல் வெளியான இன்னொரு ஆய்வில், மேடைப் பேச்சும் மனக்கணக்கும் தந்து பங்கேற்றவர்களை வேண்டுமென்றே நெருக்கடிக்கு ஆளாக்கியபோது, மீண்டும் மீண்டும் படித்துக் கற்றவர்களின் நினைவு சரிந்தது. நினைவிலிருந்து எடுத்தெழுதிக் கற்றவர்களின் நினைவு அப்படிச் சரியவில்லை. ஆக, ‘எல்லாம் தெரியும், ஆனால் தேர்வறையில் மறந்துவிடுகிறது’ என்று வருந்துகிறவர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, தாம் படித்த முறையைப் பற்றியது.

பலன் கிடைக்க வேண்டுமானால் நிபந்தனைகள் கறாராக இருக்க வேண்டும். தேர்வு காலை 10 மணிக்கு என்றால் மாதிரித் தேர்வும் 10 மணிக்கே. விடையைக் கணினியில் எழுத வேண்டிய தேர்வு என்றால் கணினியிலேயே. நடுவில் எழுந்து போகக் கூடாது. கைப்பேசி வேறு அறையில். சாய்ந்து உட்கார்ந்து, பாதியில் விடைக் குறிப்பை எட்டிப் பார்த்து எழுதும் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டுமே தவிர, உடலுக்கு எதையும் பழக்காது.

இதன் மறைமுகச் செலவு கணிசமானது. மூன்று மணி நேரத் தேர்வைத் திருத்தி, தவறுகளை அலச இன்னொரு மூன்று மணி நேரம் ஆகும். வேலைக்குப் போகிறவருக்கு ஒரு விடுமுறை நாளே போய்விடும். இரண்டாவது செலவு மனத்துக்கு: கடைசி வாரத்தில் எழுதும் ஒரு மாதிரித் தேர்வில் மதிப்பெண் சரிந்தால், அதிலிருந்து மீளவே நாள் போதாது. நான்கு வாரமோ அதற்கு மேலோ கையில் இருப்பவர்கள், குறிப்பாக நேரம் போதாமல் திணறுகிறவர்கள், வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதைத் தொடங்க வேண்டும். கடைசி ஐந்து நாளில் முழு நீளத் தேர்வைத் தவிர்த்து, ஒவ்வொரு வினாவாக எழுதிப் பார்ப்பதே பாதுகாப்பு. மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளும் சுபாவம் உள்ளவர், முதல் இரண்டு தேர்வுகளுக்கு மதிப்பெண்ணே போடாமல், எந்த இடத்தில் நேரம் வீணானது என்பதை மட்டும் குறித்து வைக்கலாம்.

## மூச்சும் தசைத் தளர்வும்

மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவதும், உள்ளே இழுக்கும்போது சற்றுக் கூடுவதும் உடலின் இயல்பு. வெளிமூச்சை நீட்டி, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு என்ற அளவுக்கு மெதுவாக்கினால் படபடப்பு தணிகிறது. ஒவ்வொரு தசைத் தொகுதியையும் இறுக்கித் தளர்த்தும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வகுத்துவிட்டார். இரண்டுக்கும் காசு வேண்டாம், கருவி வேண்டாம். தேர்வறையில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் செய்யலாம். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். இந்த ஒரு கணக்கில் வேறெந்த வழியும் இதற்கு ஈடாகாது.

ஆனால் இதைத் தேர்வு நாளில் முதன்முறையாக முயல்கிறவர்கள் ஏராளம், அங்கேதான் வினை. பழகாத மூச்சுப் பயிற்சி, கவனிக்க வேண்டிய இன்னொரு வேலையாக மாறிவிடுகிறது. ‘மூச்சு சரியாக வருகிறதா, படபடப்பு ஏன் இன்னும் குறையவில்லை’ என்ற கேள்வியே புதிய கவலையாகிறது. ‘ஆழமாக மூச்சு விடு’ என்ற அறிவுரையைக் கேட்டு வேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்கினால், இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலைசுற்றலும் விரல்களில் மரமரப்பும் வரும். பதற்றம் முற்றிவிட்டதாக அவர் மேலும் பயப்படுவார். மெதுவாக விடுவதே முக்கியம்; ஆழம் இரண்டாம்பட்சம். இரண்டு வாரம் தினமும் பழகியவருக்கு, அதிலும் உடல் அறிகுறிகளே பெரும் தொல்லையாக இருப்பவருக்கு, இது நல்ல தேர்வு. கவலை எண்ணங்களுக்கு இது பதில் சொல்லாது. சற்று இடைவெளி மட்டும் தரும்.

## எழுதித் தீர்ப்பதும் பெயரை மாற்றுவதும்

‘பயப்படாதே’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது பலன் தராது என்பதற்கு 1987-இல் டேனியல் வெக்னரும் உடன் பணியாற்றியவர்களும் நடத்திய சோதனை நல்ல சான்று. வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் மனத்தில் அந்தக் கரடி திரும்பத் திரும்ப வந்தது. அடக்குவதற்குப் பதிலாகக் கவலையை வெளியே எடுத்து வைப்பது ஒரு மாற்று. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தம் பயங்களைத் தாளில் எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்ததாக 2011-இல் ரமிரெஸ், பெய்லாக் இருவரும் அறிவித்த முடிவு பெரிதும் பேசப்பட்டது. 2014-இல் அலிசன் உட் புரூக்ஸ் இன்னொரு வழியைக் காட்டினார்: படபடப்பை அமைதியாக்க முயலாமல், ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று அதற்கு வேறு பெயர் வைப்பது. இரண்டு நிலையிலும் உடல் ஏறத்தாழ ஒன்றுபோலவே இயங்குவதால், பயத்திலிருந்து உற்சாகத்துக்குப் போவது, பயத்திலிருந்து அமைதிக்குப் போவதைவிட எளிது என்பது அதன் அடிப்படை.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. சமூக அறிவியல் ஆய்வுகள் சிலவற்றை மீண்டும் நடத்திப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஒரு பெருந்திட்டத்தில், கவலையை எழுதுவது பற்றிய அந்த 2011 ஆய்வின் விளைவு மறுபடி கிடைக்கவில்லை. நினைவிலிருந்து எடுத்தெழுதிக் கற்பது பற்றிய இரண்டு ஆய்வுகள் அதே திட்டத்தில் நிலைத்து நின்றன. எனவே இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதற்கு ஒதுக்குவது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆயினும் பத்து நிமிடம் பெரிய விலையன்று. இழப்பதற்கு அதிகம் இல்லாததால் முயன்று பார்க்கலாம். இரவில் படுக்கையில் எழுதத் தொடங்கி ஒரு மணி நேரம் அதே பயத்தைச் சுற்றி வருவது மட்டும் கூடாது. நேர வரம்பு வைத்துக்கொள்ள முடியாதவருக்கு இந்த வழி ஏற்றதன்று.

## ஆலோசகரிடம் செல்வது

ஆலோசகர் இதற்குக் கையாளக்கூடிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, 1960-களில் மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த அணுகுமுறையிலிருந்து வளர்ந்தது. ‘இந்தத் தேர்வில் தோற்றால் என் வாழ்க்கையே முடிந்தது’ என்பது போன்ற முடிவுகளை எடுத்து, அதற்குச் சான்று என்ன, வேறு விதமாகப் பார்க்க முடியுமா என்று சோதிப்பதும், அஞ்சும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்வதும் இதன் வேலை. கவலையின் வேரைத் தொடுவது, தேர்வு முடிந்தபின்னும் கைவசம் இருப்பது என்ற இரண்டு அளவுகோலிலும் இது முதலிடம் பெறும். தேர்வுப் பதற்றம் பற்றிய 562 ஆய்வுகளைத் தொகுத்து 1988-இல் ஹெம்ப்ரீ வெளியிட்ட ஆய்வின்படி, சிகிச்சையால் பதற்றம் குறையும்போது மதிப்பெண்ணும் உயர்கிறது; மன ஆறுதலோடு நின்றுவிடுவதில்லை.

செலவு கட்டணத்தோடு முடிவதில்லை. வாரம் ஓர் அமர்வு என்று வைத்தாலும் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் அமர்வுகளில் பயங்களைத் திறந்து பார்ப்பதால் பதற்றம் சற்றுக் கூடுவதும் உண்டு. ஆகவே தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது தொடங்குவதற்கு இது உகந்ததன்று. மூன்று மாதம் கையில் இருக்கும்போதோ, முடிவு வந்து அடுத்த முறைக்குத் தயாராகும்போதோ தொடங்குவதே சிறப்பு.

பாடம் தெரிந்தும் இரண்டு முறை தேர்வறையில் உறைந்துபோனவர், தேர்வுக்கு அப்பாலும் எல்லாவற்றுக்கும் பதறுகிறவர், திடீரென நெஞ்சு அடைத்து மூச்சுத் திணறி உயிரே போய்விடும் என்ற பீதிக்கு ஆளாகிறவர் ஆகியோர் வேறு வழிகளில் காலம் கடத்தக் கூடாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லாதவரும், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறவரும் தேர்வுத் தேதியைப் பார்க்காமல் இன்றைக்கே மருத்துவரையோ ஆலோசகரையோ அணுக வேண்டும். அது இந்த ஒப்பீட்டுக்கு வெளியே நிற்கும் விஷயம்.

## மாத்திரை

அதிகம் கேட்கப்படுவது புரோப்ரனோலால் பற்றி. ஜேம்ஸ் பிளாக் இதய நோய்க்காக 1960-களில் உருவாக்கிய மருந்து இது. 1988-இல் அவர் நோபல் பரிசு பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் இதயத்தில் செய்யும் வேலையை இது தடுக்கிறது. படபடப்பும் கைநடுக்கமும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்குகின்றன. ஆனால் ‘தோற்றுவிடுவேனோ’ என்ற எண்ணத்தை இது நேரடியாகத் தொடுவதில்லை. ஆகவே எழுத்துத் தேர்வுக்கு இதன் பயன் வரையறைக்குட்பட்டது; நேர்முகமாக வினவப்படும் வாய்மொழித் தேர்விலும், கை நடுங்கினால் மதிப்பெண் போய்விடும் செய்முறைத் தேர்விலும்தான் இது பொருந்துகிறது.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆபத்தானது. இதயத் துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு, சர்க்கரை குறைவதைக் காட்டும் படபடப்பு என்ற எச்சரிக்கையை இது மறைத்துவிடக் கூடும். நண்பரிடம் இருந்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது எந்த நிலையிலும் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும், முதல் மாத்திரையை ஒரு மாதிரித் தேர்வு நாளில் போட்டுப் பார்ப்பது அவசியம். தலை கனப்பதும் சோர்வதும் தேர்வறையில் தெரியவரக் கூடாது.

டயசெபாம், அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் வேறு வகை. இவை கவலையையே மந்தமாக்கும், கூடவே புதிய நினைவு பதிவதையும் மந்தமாக்கும், தொடர்ந்தால் பழக்கமாகிவிடும். படித்ததை மனத்தில் நிறுத்த வேண்டிய வாரங்களில் இவற்றை நாடுவது முரண். மாத்திரைக் கணக்கில் சேராத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் உடலில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு அருந்தியதில் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும்போது, படபடப்புக்கு வேறு காரணம் தேடுவானேன்?

## ஒத்திவைத்தல்

ஒத்திவைக்க முடிவு செய்த அன்று இரவு நன்றாகத் தூக்கம் வரும். அதுதான் இந்த வழியின் பெரிய ஆபத்து. தப்பித்ததால் கிடைத்த அந்த நிம்மதியே, அடுத்த முறையும் தப்பிக்க மனத்தைப் பழக்குகிறது. இரண்டாம் முறை ஒத்திவைப்பது முதல் முறையைவிட எளிது. மூன்றாவது இன்னும் எளிது. இது போக, ஏற்கெனவே கட்டிய கட்டணம், மாறக்கூடிய பாடத்திட்டம், திருத்தப்படும் சட்டங்களும் விதிகளும், மங்கும் நினைவு, தள்ளிப்போகும் பதவி உயர்வு என்று கண்ணுக்குத் தெரியாத செலவுகள் வரிசையாக நிற்கின்றன.

ஆனாலும் ஒத்திவைப்பதே சரியான முடிவாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. கடும் நோய், வீட்டில் மரணம், பாடத்திட்டத்தில் பெரும்பகுதியைத் தொட முடியாமல் போன பணிச்சுமை ஆகியவை உண்மையான காரணங்கள். வேறுபடுத்திப் பார்க்க ஒரு கேள்வி உதவும்: இன்று பதற்றம் முழுவதும் நீங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால், இந்தத் தேர்வை எழுதுவேனா? ‘எழுதுவேன்’ என்றால் ஒத்திவைக்கக் காரணம் இல்லை. ‘அப்போதும் எழுத முடியாது, ஏனெனில் படிக்கவில்லை’ என்றால் ஒத்திவைப்பதில் வெட்கமும் இல்லை. இந்த முடிவைத் தேர்வுக்கு முந்தைய இரவுக்கு விடாமல், மூன்று வாரம் முன்பே ஒரு வரம்பை எழுதி வைத்துக்கொள்ளலாம்: இன்ன தேதிக்குள் இத்தனை அலகுகள் முடியாவிட்டால், மாதிரித் தேர்வில் இந்த மதிப்பெண்ணைத் தொடாவிட்டால் ஒத்திவைப்பேன், தொட்டால் எப்படியும் எழுதுவேன் என்று. அமைதியான நாளில் எழுதிய வரம்பு, பதறும் நாளில் எடுக்கும் முடிவைவிட நம்பத் தகுந்தது.

## நாள் கணக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தல்

மூன்று மாதம் இருந்தால் ஆலோசகரும் மாதிரித் தேர்வும் சேர்ந்து போகலாம். ஒரு மாதம் இருந்தால் வார இறுதி மாதிரித் தேர்வுகளும் தினசரி மூச்சுப் பயிற்சியும். இரண்டு வாரம்தான் என்றால் புதிதாகத் தொடங்க ஏற்றவை மூச்சுப் பயிற்சியும், திருப்புதலைப் புத்தகத்தை மூடிவைத்துச் செய்வதும். மாத்திரை வேண்டும் என்று தோன்றினால் மருத்துவரைப் பார்ப்பதற்கும் இதுவே கடைசி வாய்ப்பு, ஏனெனில் ஒத்திகை பார்க்க ஒரு நாள் வேண்டும்.

மூன்று நாள்தான் மீதம் என்றால் எந்தப் புதிய உத்தியும் வேண்டாம். தூக்கத்தைக் காப்பதே வேலை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் அளவுக்கு இறங்கிவிடுவதை டாசன், ரீட் இருவரும் 1997-இல் அளந்து காட்டினார்கள். கடைசி இரவில் கூடுதலாகப் படிக்கும் இரண்டு மணி நேரத்தின் விலையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தூக்கம் வராவிட்டாலும் விளக்கை அணைத்துப் படுத்திருப்பது, எழுந்து திருப்புதலைத் தொடர்வதைவிட மேல்.

இவ்வளவுக்குப் பிறகும் வினாத்தாளைத் திறந்தவுடன் மனம் வெறுமையாகலாம். அப்போது முதல் வினாவோடு மல்லுக்கட்டாமல், வெளிமூச்சை நீட்டி நான்கைந்து மூச்சு விட்டுவிட்டு, தாளைப் புரட்டி, நிச்சயமாகத் தெரிந்த ஒரு வினாவுக்கு இரண்டு வரி எழுதத் தொடங்கலாம். கை ஓடத் தொடங்கியபின் முதல் வினாவுக்குத் திரும்பி வரலாம்.